அவளுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

என் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இரண்டாம் பட்சம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கலியாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டுத்தான் என்னைக் கட்டிக்கொண்டாள். வாரம் முழுக்க உங்களுக்கு, ஞாயிறு காலை மட்டும் கோயிலுக்கு என்றாள். கோயில் என்று அவள் சொன்னது தேவாலயத்தை. நான் வேதக்கோயில் என்பேன், அவள் வெறுமனே கோயில் என்பாள். சரி என்றேன். வாரத்தில் மிச்ச நாளெல்லாம் இவ்வளவு அழகான பெண் கிடைக்கும்போது ஒரு காலையைப் பற்றி எவன் பேரம் பேசுவான்?

வயது போன பிறகு அந்த ஒரு காலைக்காகவும் சண்டை பிடித்திருக்கிறேன். மழை பெய்கிறது, முழங்கால் வீங்கியிருக்கிறது, ஒரு வாரம் போகாவிட்டால் உன் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று கத்துவேன். அவள் கண்ணாடி முன்னால் நின்று சேலை மடிப்பைச் சரிசெய்தபடி, “அவர் கோவிக்க மாட்டாரு. நீங்கதான் கோவிக்கிறீங்க” என்பாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு இறங்குவாள். நானும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் இறங்குவேன். எங்கள் வீடு கண்டியிலிருந்து அம்பிட்டிய போகும் பாதைக்கு மேலே, மேட்டில் இருக்கிறது. படிக்கட்டில் பாசி. அவளைத் தனியாக விட மனம் வராது.

வாசல் வரை போவேன். உள்ளே போனதில்லை. அவள் உள்ளே போனதும் எதிரில் இருக்கும் தேநீர்க் கடையில் உட்காருவேன். பால் விடாத ஒரு பிளேன்ரீ, ஒரு பத்திரிகை. பூசை முடியும் மணி கேட்டதும் மறுபடி வாசலுக்கு வருவேன். சபைப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். காரோட்டி வந்துவிட்டார் என்று ஒருத்தி கேலி செய்வாள். என்னிடம் கார் இருந்ததில்லை.

நான் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவன். சின்ன வயதிலேயே டவுனுக்கு வந்து ஒரு புடவைக்கடையில் சேர்ந்தேன். கால் மரத்துப்போகும் வரை அதே கடையில் நின்றேன். துணியை மேசையில் விரித்து, ஓரத்தைப் பிடித்து இழுத்துக் காட்டி, “சாயம் போகாது அம்மா, என் பொறுப்பு” என்று சொல்வதுதான் என் தொழில். சாயம் போகும். எனக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், துவைக்கிற கல்லுக்கும் தெரியும். ஆனாலும் நான் சொல்வதற்கு ஒரு குரல் வைத்திருந்தேன். கொஞ்சம் தாழ்ந்த குரல், சொந்தக்காரன் சொல்வது போன்ற குரல். அந்தக் குரலுக்காகவே முதலாளி என்னைக் கடைசி வரை வைத்திருந்தார்.

கலியாணத்துக்கு முன்பு அவள் அந்தக் குரலை நம்பி ஒரு சிவப்புச் சீத்தைத் துணியை வாங்கிக்கொண்டு போனாள். அவளுடைய அப்பா பன்வில பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பரம்பரை வேதக்காரக் குடும்பம். அடுத்த மாதமே அவள் தனியாக வந்து, வெளிறிப்போன துணியை மேசையில் வைத்தாள். சத்தம் போடவில்லை. துணியை மாற்றித் தரச் சொல்லவும் இல்லை.

“சாயம் போகாதுன்னீங்களே, அது பொய்யா, இல்ல உங்களுக்கே தெரியாதா?” என்று மட்டும் கேட்டாள்.

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டிவிட்டு, அப்படியானால் சாயம் போகாத துணி எது என்று காட்டுங்கள் என்றாள். காட்டினேன். அதற்குப் பிறகு அவள் என் மேசைக்கு மட்டுமே வந்தாள்.

எங்கள் கலியாணம் பதிவுகாரர் முன்னால் நடந்தது. அவளுடைய அப்பா வரவில்லை. என் அண்ணன் வந்து, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிடாமலே போனார். நான் விபூதி பூசுகிறவன். அதற்கு மேல் பக்தி என்று சொல்ல முடியாது. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போனால் போவேன், போகாவிட்டால் பிள்ளையாரும் என்னைத் தேடியதில்லை. இப்படிப்பட்ட ஒருவனைக் கட்டியதற்காக அவளுடைய சபை அவளை நீண்ட காலம் திருவிருந்துக்குச் சேர்க்கவில்லை. எல்லோரும் எழுந்து அப்பமும் திராட்சரசமும் வாங்க முன்னால் போகும்போது, அவள் மட்டும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாளாம். அவள் இதை என்னிடம் சொன்னதில்லை. சபையில் அவளுக்கு ஒரு சிநேகிதி, எங்கள் இருவருக்குமே அக்கா, அவள்தான் எத்தனையோ வருடம் கழித்துப் போகிற போக்கில் சொன்னாள். நான் தேநீர்க் கடையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த அந்த ஞாயிறுகளிலெல்லாம் அவள் அந்தப் பெஞ்சில் இருந்திருக்கிறாள். வெளியே வந்ததும், “பசிக்குதா, வாங்க, கறிக்கு நேத்தே அரைச்சு வச்சிட்டேன்” என்றுதான் சொல்வாள். இன்றைக்கும் நினைத்தால் கோபம்தான் வருகிறது.

அவள் வேலைக்குப் போனதில்லை. படித்த பெண், வாத்தியார் மகள், போயிருக்கலாம். வீட்டையே வேலையாக எடுத்துக்கொண்டாள். விடியும் முன் அடுப்பு, மகளுக்குத் தலை வாரல், எனக்குச் சோற்றுப் பொதி, வாழையிலையை வாட்டும் வாசனை. சனிக்கிழமை மத்தியானம் கோயிலுக்குப் போய்ப் புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைத் தேய்ப்பாள். மேசைவிரிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து வெளுத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் கொண்டுபோவாள். நான் கேலி செய்வேன், எங்கள் கடையில் சேர்ந்திருந்தால் என் சீட்டைக் கிழித்திருப்பாய் என்று. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுபோனாள். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்கவில்லை. போர்வையை உதறி விரித்துவிட்டு வருவாள், அவ்வளவுதான்.

ஒரு பழக்கம் மட்டும் எனக்கு முதலில் பிடிபடவில்லை. உலையில் போட அரிசி அளக்கும் ஒவ்வொரு முறையும், கழுவுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துப் பழைய பால்மா டின் ஒன்றில் போடுவாள். பிடி அரிசிக் காணிக்கை. டின் நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். அங்கே வாசற்படிக்கு உள்ளே ஒரு பெரிய பானை. சபைப் பெண்கள் எல்லோரும் கொண்டுவந்து கொட்டும் அரிசி இல்லாதவர்களுக்குப் போகும். எங்கள் வீட்டிலேயே அரிசி இழுபறியாக இருந்த நாட்களிலும் அவள் அந்தப் பிடியை விடவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல், இன்றைக்காவது அந்தப் பிடியை உலையில் போடேன் என்றேன். “அது போட்ட பிறகுதான் நமக்குன்னு அளக்குறேன். இல்லாட்டி அளவே தெரியாது” என்றாள். ஒரு புடவைக்கடைக்காரனிடம் அளவைப் பற்றிப் பேசினால் அவன் என்ன செய்வான்?

கொரோனாக் காலத்தில் கோயிலை மூடினார்கள். ஊரடங்கு. பூசை போனில் வந்தது. மகள் வத்தளையில் இருந்து பேசிப் பேசி எனக்கு அதைத் திறக்கக் கற்றுக்கொடுத்தாள். ஞாயிறு காலையில் இவள் குளித்து, நல்ல சேலை கட்டி, செருப்பும் போட்டுக்கொண்டு முன்னறைக் கதிரையில் உட்காருவாள். வீட்டுக்குள் எதற்குச் செருப்பு என்றால் கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வாள். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. போதகர் எழுந்து நிற்போம் என்றால் எழுவாள். முழங்காலில் நிற்போம் என்றால், முடியாத காலோடு கதிரையைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். நான் கொடிக்கம்பம் மாதிரி நின்றுகொண்டிருப்பேன். அப்படித்தான் அந்த ஆராதனை முழுவதும் எனக்கு மனப்பாடமானது. எங்கே ஆமென் வரும், எங்கே அவள் கண் கலங்கும் என்று தெரியும். வாழ்க்கையிலேயே நாங்கள் இருவரும் சேர்ந்து இருந்த ஞாயிறு காலைகள் அவைதான். கோயிலைத் திரும்பத் திறந்தபோது அவள் சந்தோஷப்பட்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிறகு இருதயம் பலவீனமாயிற்று. கடைசி மாதங்களில் அவளால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. கட்டிலை அடுப்படிக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்குச் சமைக்கச் சொல்லித்தந்தாள். இத்தனை வயதில் வெங்காயம் உரிக்கக் கற்றேன். “அரிசியை அளங்க. ஒரு பிடி டின்னுல போடுங்க. இப்ப கழுவுங்க. கல் பாருங்க. தண்ணி விரலுக்கு வைங்க” என்று கட்டிலில் இருந்து உத்தரவு வரும். உப்புப் போடுவது போல, பிடி அரிசியும் சோறு சமைக்கும் முறையில் ஒரு படி என்றே என் கைக்குப் பதிந்துவிட்டது. பருப்பு அடிப்பிடித்தால் சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும்.

ஆஸ்பத்திரியில் ஒரு காலையில் போனாள். நான் சுடுதண்ணிப் போத்தலோடு வார்டுக்குள் நுழைந்தபோது திரை இழுத்திருந்தது.

அடக்கத்தைச் சபையே முன்னின்று நடத்தியது. கோயிலுக்குப் பின்னால் சரிவில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சின்ன இடம், ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் மண் சரிந்து போன பள்ளம். அவளை இறக்கி, ஆளுக்கொரு பிடி மண் போட்டு, எல்லோரும் பாடினார்கள். எனக்கு அந்தப் பாட்டுத் தெரியும். போனைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ முறை கேட்டது. வாயைத் திறக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், வலப்புறம், இன்னும் ஒருவருக்கான இடம் வெறுமையாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். புல் முளைத்திருந்தது. அங்கே நான்தான் என்று உடனே, யாரையும் கேட்காமல், மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அதன் பிறகு வீடு. தனிமையைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். எனக்கு அது மறுத்துப் பேச ஆளில்லாத வீடு. மழை வருகிறது என்று சொன்னால், வராது என்று சொல்ல ஒருவர் வேண்டும். அலுமாரியைத் திறந்தால் அவளுடைய சேலைகள் மடிப்போடு இருக்கின்றன. என் தொழில் துணி, என்னாலேயே அவற்றைத் தொட முடியவில்லை. பகலெல்லாம் தொலைக்காட்சியில் சிங்கள நாடகம் ஓடும். பார்ப்பதற்கில்லை, ஒரு பெண் குரல் வீட்டுக்குள் கேட்கட்டும் என்று. மகள் வத்தளைக்கு வந்துவிடச் சொன்னாள். அங்கே அடுக்குமாடியில் ஒரு அறை தயாராக இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் போகவில்லை. இங்கிருந்தால் அந்தச் சரிவுக்கு நடந்தே போகலாம்.

ஒருவருக்குச் சமைப்பது பெரிய கஷ்டம். அரிசி எப்போதும் மிஞ்சியது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடியை டின்னில் போட்டேன். பக்தியில் அல்ல, அப்படித்தான் சோறு சமைக்கத் தெரியும். டின் நிறைந்தது. நிறைந்த டின்னை என்ன செய்வது? ஒரு ஞாயிறு அதைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்குத்தான் முதன்முறையாக வாசலைத் தாண்டினேன். பானையில் அரிசியைக் கொட்டும் சத்தம் கேட்டு முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த டின் தெரியும்.

“ஸ்தோத்திரம்!” என்று கத்திவிட்டாள்.

பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். யாரோ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் என் மனைவியின் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நான் டின்னை மடியில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். ஆராதனை முடிவில் போதகர், நம்முடைய அம்மாவின் ஜெபம் வீண்போகவில்லை என்று மேடையிலிருந்து சொன்னார். பெண்கள் அழுதார்கள். நான் அரிசி கொண்டுவந்தவன், அவர்களோ ஓர் ஆத்துமாவே வந்து சேர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். அந்த அழுகையின் நடுவே எழுந்து, ஐயோ, அப்படியில்லை, இது அரிசி மட்டும்தான் என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த இடம்.

போதகர் அந்த வாரமே வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இளம் வயது, நல்ல மனம். என் மகளைவிடச் சின்னவர். கதிரையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, நான் போட்ட சீனி கூடிய தேத்தண்ணியை முகம் சுளிக்காமல் குடித்தார். நானே கேட்டுவிட்டேன், அவளுக்குப் பக்கத்து இடம் எனக்குக் கிடைக்குமா என்று. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஐயா, ஞானஸ்நானம் எடுத்த ஆக்களுக்கு மட்டும்தான் அங்க இடம். அது நான் வச்ச சட்டமில்லை, பழைய சட்டம். இடமும் முடிஞ்சுகொண்டு வருது. நீங்கள் எடுக்கிறதெண்டால் கமிட்டியிட்ட சொல்லி அந்த இடத்தை உங்களுக்கெண்டு வச்சிருப்பன்.”

“என்ன செய்யணும்?”

“படிப்பு கொஞ்சம் இருக்கு. பிறகு சபைக்கு முன்னால சில கேள்வி கேட்பன். விசுவாசிக்கிறீங்களா எண்டு. நீங்கள் விசுவாசிக்கிறன் எண்டு சொல்லவேணும். யோசியுங்கோ ஐயா, அவசரமில்லை.”

மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் பெரிதாகச் சிரித்தாள், பிறகு அழுதாள். “இதுல யோசிக்க என்ன இருக்குப்பா? ஆமான்னு சொல்லிட்டா முடிஞ்சுது. அம்மாவுக்குப் பக்கத்துல இருக்கலாம்ல?” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. தண்ணீர் தெளிப்பார்கள், நான் ஒரு சொல் சொல்வேன். அதற்கு ஈடாக, காலம் முழுக்க அவள் பக்கத்தில். வாழ்நாளில் இவ்வளவு மலிவாக எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.

படிப்புக்கும் போனேன். எல்லாம் ஏற்கெனவே மனப்பாடம் என்பதால் போதகர் அசந்துபோனார். சபையில் என்னை ஐயா, ஐயா என்று தாங்கினார்கள். ஞாயிறு மத்தியானம் யாராவது ஒருவர் வீட்டில் சாப்பாடு. யாரோ என்னோடு பேசினார்கள், யாரோ எனக்கு மீன் துண்டு எடுத்து வைத்தார்கள். உண்மையைச் சொன்னால், அந்த வாரங்களில்தான் மனிதனாக இருந்தேன். அந்த இடத்துக்கும் ஆசைப்பட்டேன், அந்த மீன் துண்டுக்கும் ஆசைப்பட்டேன்.

நாள் குறித்தார்கள். அந்த வாரத்தில் ஒரு காலை, முகம் மழிக்கும்போது, கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை பார்த்தேன். சபைக்கு முன்னால் தடுமாறக் கூடாதல்லவா?

“விசுவாசிக்கிறேன்” என்றேன்.

கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அது கடைக் குரல். கொஞ்சம் தாழ்ந்த, சொந்தக்காரன் சொல்வது போன்ற அதே குரல். மேசையில் துணியை விரித்து, ஓரத்தைப் பிடித்து இழுத்துக்காட்டும் குரல். மறுபடி சொல்லிப் பார்த்தேன். உரக்கச் சொன்னேன், மெதுவாகச் சொன்னேன். எப்படிச் சொன்னாலும் அதுவே வந்தது.

கலியாணமான புதிதில் அவள் ஒரே ஒரு முறை என்னை அழைத்தாள், நீங்களும் கோயிலுக்கு வாங்களேன் என்று. நம்பிக்கை வந்தால் வருகிறேன் என்றேன். “வந்தா சொல்லுங்க. வராம வந்துருச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. என்கிட்ட அது வேணாம்” என்றாள். அதன் பிறகு சாகும் வரை கேட்கவில்லை. கடையில் நாள் முழுக்கப் புளுகிவிட்டு வந்தவன் வீட்டில் ஒரு பொய்யும் சொல்லாமல் வாழ்ந்தேன் என்றால் அதற்கு அவள்தான் காரணம். இப்போது அவள் பக்கத்தில் படுப்பதற்கு அவளிடமே அந்தக் குரலில் பேச வேண்டுமாம். கண்டுபிடித்துவிடுவாள். செத்தவர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அது போதாதா?

பாதி மழித்த முகத்தைக் கழுவிக்கொண்டு போதகரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். கடைக் குரலைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“விசுவாசம் கொஞ்சம் கொஞ்சமா வாறதும் உண்டு ஐயா. முழுசா வந்தாப் பிறகுதான் சொல்லவேணும் எண்டில்லை.”

“கொஞ்சம் வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் தம்பி. அவ மேல நம்பிக்கை வந்திருக்கு. அவரு மேல வரல.”

“அப்ப அந்த இடத்தை என்னால வச்சிருக்க ஏலாது ஐயா” என்றார். குரல் உடைந்திருந்தது. பாவம், அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று.

“குடுத்துடுங்க. யாருக்குத் தேவையோ அவங்களுக்குக் குடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். படிக்கட்டில் ஏறும்போது வழியில் இரண்டு முறை உட்கார்ந்தேன். அன்று முழுக்க வாய்விட்டு அழுதேன். அவள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

ஞாயிறு சாப்பாட்டு அழைப்புகள் நின்றன. யாரும் கெட்டவர்கள் இல்லை. என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மகள் ஒரு வாரம் போனில் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு சரியானாள். அக்கா மட்டும் ஒரு நாள் படியேறி வந்து, “உங்களுக்குப் பிடிவாதம்” என்று திட்டிவிட்டு, கிழங்குப் பொரியல் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது, “அவளா இருந்தாலும் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பா” என்றாள். நான் வாசலில் நின்று அவள் தலை மறையும் வரை பார்த்தேன். பேசுவதற்கு அன்றைக்கு அவ்வளவுதான் ஆள்.

மழைக்காலத்தில் அக்காவே போன் செய்தாள். சபையில் ஒரு கிழவி, ஹுன்னஸ்கிரியப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்து, மகளோடு டவுனில் வந்து இருந்தவள், தவறிவிட்டாளாம். நாளைக்கு அடக்கம். அக்கா கொஞ்சம் தயங்கினாள். “அந்த இடம்தான் குடுத்திருக்காங்க. நீங்க வந்து பாக்க வேணாம்.”

போனேன். எப்படிப் போகாமல் இருப்பது? என் மனைவிக்குப் பக்கத்தில் ஒருவர் வரப்போகிறார், யார் என்று பார்க்க வேண்டாமா?

புல்லை வழித்துவிட்டு வெட்டியிருந்தார்கள். குழியின் ஓரம் சரிந்து விழாமல் பலகை கொடுத்திருந்தார்கள். செம்மண் குவியல் என் மனைவியின் சிலுவை வரை வந்திருந்தது. நான் கைக்குட்டையால் சிலுவையைத் துடைத்துவிட்டு, அவள் தலைமாட்டில் குடையோடு நின்றேன். கூட்டம் சிறியது. பெட்டியை இறக்கினார்கள். பெட்டி சின்னதாக இருந்தது, மெலிந்த பெண் போலும். இறந்தவளின் மகள் எனக்கு எதிரே நின்று அழுதுகொண்டிருந்தாள். நடுத்தர வயது, நனைந்த செருப்பு. அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவள் பக்கம் போனேன்.

“உங்கம்மா நல்லாப் பேசுவாங்களா?” என்று கேட்டேன்.

இந்த நேரத்தில் இப்படி ஒரு கேள்வியா என்று அவள் விழித்தாள். பிறகு, அழுகைக்கு நடுவே, அவளையும் மீறிச் சிரிப்பு வந்தது. “ஐயோ, அம்மாவா? மலையில கொழுந்து பறிக்கிற நிரை முழுக்க அவங்க பேச்சுதான் ஐயா. வாயே மூட மாட்டாங்க.”

“நல்லது. நம்ம வீட்டுக்காரிக்கும் பேச்சுத்துணை இல்லாம முடியாது. ரொம்ப நாளா தனியா கெடக்கா. கடைசியில ஒரு காது மந்தமாயிருச்சு, வலது காதுதான் கேக்கும். நல்ல வேளை, உங்கம்மா அந்தப் பக்கம்தான்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக் கட்டிலில் அந்தப் பக்கம் படுத்தவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. போதகர் மண் போடச் சொன்னார். வரிசையில் கடைசியாக நின்று, என் பங்குக்கு நானும் மண்ணை அள்ளி அந்தக் குழியில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தேன்.